பொழுதுபட்ட பிறகு பிள்ளைகள் எங்கே இருப்பது?

ஈச்சிலம்பற்றில் மொட்டைமாடி மதுச்சாலை கிடையாது. வெருகல் ஆற்றுக்கும் கடலுக்கும் இடையில் வயலும் பற்றைக்காடும் களப்புமாகக் கிடக்கும் எங்கள் பிரதேசத்தில் மேல்தளம் போட்ட கட்டடங்களே சொற்பம். இருந்தும், கொழும்பிலுள்ள மொட்டைமாடி மதுச்சாலையொன்று சில மாதங்களாக எங்கள் ஊரின் பெரும் பேச்சாகியிருக்கிறது. தேநீர்க்கடையில் அதைப் பேசுகிறார்கள். கோயில் வீதியில் பேசுகிறார்கள். சாவீட்டுப் பந்தலிலும் அதே கதைதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு புகைப்படம். பரீட்சை முடிந்த இரவொன்றில் பல்கலைக்கழக மாணவர்கள் ஏழுபேர் உயரமான கட்டடமொன்றின் உச்சியில் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். பின்னால் இருண்ட கடல். மேசையில் கண்ணாடிக் குவளைகள். ஏழுபேரில் இருவர் பெண்பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி எங்கள் பகுதியைச் சேர்ந்தவள். யாரோ தமது தொலைபேசியில் போட்ட படம் இரண்டு நாட்களில் வெருகல் பாலத்தைக் கடந்து ஊருக்கு வந்துவிட்டது. 'படிக்க அனுப்பினால் குடிக்கப் பழகுகிறார்கள்' என்ற தீர்ப்பும் கூடவே வந்தது. அந்தப் பிள்ளையின் தகப்பனார் இப்போது அவளது படிப்பை நிறுத்திவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அவளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கு எழுதப்போவதில்லை. ஆயினும் ஒரு பிள்ளையின் பட்டப்படிப்பு ஒரு புகைப்படத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, அவ்வூரில் பிறந்து இருபத்தெட்டு வருடங்களாகப் பத்திரிகையில் எழுதிவரும் ஒருவன் வாயை மூடிக்கொண்டிருப்பது முறையல்ல என்பதால் இப்பத்தி.

அந்தப் படத்திலிருந்த ஏழுபேரில் ஒருவன் என் தங்கையின் மகன். பேச்சு பெரிதான பிறகு, "அந்த இடத்தை எனக்கும் ஒருமுறை காட்டு" என்று அவனிடம் கேட்டேன். அவன் தயங்கவில்லை. அடுத்த பரீட்சை முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை தன் நண்பர்களோடு என்னையும் அழைத்துச்சென்றான்.

கொள்ளுப்பிட்டிப் பக்கத்தில் பல மாடிக் கட்டடம். மின்தூக்கியை விட்டு வெளியேறியதும் வாசலில் நின்ற இளைஞர் ஒவ்வொருவரது அடையாள அட்டையையும் வாங்கிப் பிறந்த வருடத்தைப் பார்த்தார். இருபத்தொரு வயது நிரம்பாத ஒருவனின் கையில் ஒரு தாள்பட்டியைக் கட்டினார். அவனுக்கு மது பரிமாறப்படமாட்டாது என்பதற்கு அது அடையாளம். உள்ளே மங்கலான விளக்குகள். ஒருபுறம் கடல், மறுபுறம் நகரத்தின் வெளிச்சம். பாட்டுச் சத்தம் இருந்தது. பேசுவது காதில் விழாத அளவுக்கு இல்லை. இருந்தவர்களில் அநேகர் மாணவர்கள், அல்லது அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

விலைப்பட்டியலைப் பார்த்து எனக்குத்தான் தலை சுற்றியது. எலுமிச்சைச் சாறு ஒன்றின் விலை ஊரில் ஏறக்குறைய அரைநாட் கூலி. பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகக் காசு சேர்த்து மூன்று பியர்களும், மிகுதிப்பேருக்குச் சாறும், எல்லாருக்குமாக ஒரு தட்டுப் பொரித்த உருளைக்கிழங்கும் எடுத்தார்கள். அந்த மூன்று பியரும் இரண்டரை மணித்தியாலம் இருந்தன. பெண்பிள்ளைகள் இருவரும் தோடம்பழச் சாறு குடித்தார்கள். பரீட்சை வினாத்தாளைத் திட்டினார்கள். ஒருவனின் தகப்பனார் பட்ட கடனைப்பற்றிப் பேசினார்கள். எந்த விரிவுரையாளர் எப்படி நடப்பார் என்று நடித்துக்காட்டிச் சிரித்தார்கள். பெண்கள் விடுதிக்கு நேரமாகிவிட்டதென்று பத்து மணிக்கு முன்னரே எழுந்துவிட்டார்கள்.

"இவ்வளவு காசைக் கொட்டி இங்கே ஏன் வரவேண்டும்? கீழே கடற்கரை சும்மாதானே கிடக்கிறது" என்று மருமகனிடம் கேட்டேன்.

"கடற்கரையில இருந்தா பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஆராவது வந்து என்ன ஏதெண்டு கேப்பாங்க மாமா. பொம்புளப் புள்ளைகள் கூட இருந்தா இன்னும் மோசம். நாங்க இஞ்ச காசு குடுக்கிறது குடிக்கிறதுக்கு இல்ல, இருக்கிறதுக்கு" என்றான்.

இவ்விவகாரத்தில் நான் கேட்ட வார்த்தைகளில் பொருள் பொதிந்தது இதுவே. அந்தப் பிள்ளைகள் அங்கே விலைகொடுத்து வாங்கியது ஒரு நாற்காலியை, வெளிச்சத்தை, சுத்தமான கழிவறையை, யாரும் வந்து விசாரிக்காத இரண்டரை மணித்தியாலத்தை. பியர் அந்த இடத்துக்கான வாடகை. அதே இடத்தை மதுவில்லாமல், குறைந்த விலையில், வேறு யாராவது கொடுத்திருந்தால் ஏழுபேரில் ஐந்துபேராவது அங்கேதான் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம். அப்படிக் கொடுப்பதற்கு யாரும் முன்வரவில்லை. மதுச்சாலைக்காரர் முன்வந்தார்.

மதுவுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ணவேண்டாம். உடல்நலத்துக்குத் தீங்கில்லாத அளவு என்று மதுவில் எதுவுமே இல்லையென 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெட்டத்தெளிவாகக் கூறியிருக்கிறது. புற்றுநோய்கள் சிலவற்றுக்கு மது நேரடிக் காரணமென்பது மருத்துவ உலகில் நிறுவப்பட்ட விடயம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு மதுவை விற்பதைத் தடைசெய்தது. மது விளம்பரங்களையும் தடைசெய்தது. அது நல்ல சட்டம். எங்கள் நாட்டில் உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்கும் அனுமதிக்கும் காத்திருந்து பல்கலைக்கழக வாசலை மிதிக்கும்போது இருபது, இருபத்தொரு வயதாகிவிடுகிறது. எனவே ஒரே வகுப்பில் இருப்பவர்களில் ஒருவருக்குச் சட்டம் அனுமதிக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு அனுமதிக்காது. அந்தச் சிக்கலை அன்றிரவு நான் சென்ற இடத்தில் ஒரு தாள்பட்டியால் தீர்த்திருந்தார்கள்.

இப்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எங்கள் ஊரில் கசிப்பு விற்பவர் எவராவது வாங்க வருபவரின் பிறந்த வருடத்தைக் கேட்டதுண்டா?

மது எங்கள் மக்களை அழிக்கும் இடம் எதுவென்று ஊரிலுள்ள எல்லாருக்கும் தெரியும். அது மாடியில் இல்லை. பற்றைக்காட்டின் ஓரத்தில், ஆற்றங்கரையில், வாடிக்குப் பின்னால், வெளிச்சமில்லாத இடத்தில் இருக்கிறது. அங்கே நாற்காலி இல்லை, விலைப்பட்டியல் இல்லை, போத்தலில் என்ன இருக்கிறதென்று எழுதிய தாளும் இல்லை. பகல் முழுவதும் வயலிலோ கடலிலோ உழைத்த மனிதன் அரைநாட் கூலியை அங்கே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறான். மீதி அரைநாட் கூலியில் நுண்கடன் தவணையையும் பிள்ளையின் கொப்பியையும் அரிசியையும் சமாளிப்பவள் மனைவி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மதுவரி பலமுறை ஏறியபோது சாராயப் போத்தல் கூலிக்காரனின் கைக்கு எட்டாமற் போனது. அவன் குடியை விட்டானா என்றால் இல்லை. இருட்டுக்குப் போனான்.

இந்தப் பாதை எங்கே போய் முடியுமென்பதைத் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி காட்டியது. அரசாங்கமே 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை நடத்திவரும் மாநிலம் அது. கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் 2024 ஜூனில் மெதனோல் கலந்த கள்ளச்சாராயம் குடித்து அங்கே 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் கூலி வேலை செய்தவர்கள். கடையில் விற்றதை வாங்க வசதியில்லாதவர்கள் மலிவான பைக்கற்றை வாங்கினார்கள். சட்டமும் கண்காணிப்பும் வசதியுள்ளவனின் குவளையோடு நின்றுவிட்டால், வசதியற்றவனின் குவளையில் என்ன இருக்கிறதென்பது மருத்துவமனையில்தான் தெரியவரும்.

அரசாங்கங்களின் ஒழுக்கத்தையும் நாம் அறிவோம். 2024ஆம் ஆண்டில் நாடளாவிய ரீதியில் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் விபரம் அவ்வருட டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. மொத்தம் 361. வட மாகாணத்துக்கு 32, அதில் கிளிநொச்சி மாவட்டத்துக்கு மாத்திரம் 16. கிழக்கு மாகாணத்துக்கு 22. போரில் தரைமட்டமான ஒரு மாவட்டத்துக்கு ஒரே வருடத்தில் பதினாறு அனுமதிப்பத்திரங்கள். அந்தப் பதினாறைப் பற்றிச் சாவீட்டுப் பந்தலில் யாரும் இரவிரவாகப் பேசி நான் கேட்டதில்லை. தோடம்பழச் சாறு குடித்த ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஏன் அவளைப் பற்றி மட்டும்? படத்தில் ஐந்து ஆண்பிள்ளைகளும் இருந்தார்கள். எவருடைய படிப்பையும் நிறுத்துவதுபற்றி எந்த வீட்டிலும் பேச்செழவில்லை. என் தங்கை மகனை இரண்டு வார்த்தை ஏசினாள், அத்தோடு முடிந்தது. ஆகவே ஊரைச் சுட்டது மது அல்ல என்பது தெளிவு. ஒரு பெண்பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வெளியே சிரித்துக்கொண்டிருந்ததே சுட்டது.

இந்த மனப்பான்மை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. மதுச்சாலையில் பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் அறிவித்தலொன்று 1979இல் மதுவரிச் சட்டத்தின் கீழ் வெளியானது. 2018 ஜனவரியில் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கி வர்த்தமானி வெளியிட்டார். சில நாட்களுக்குள்ளேயே அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதனை இரத்துச்செய்யப் பணித்தார். அம்முடிவை எதிர்த்துப் பெண்கள் சிலர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். அரசாங்கம் பெண்களின் உடல்நலத்தில் அக்கறை கொண்டே அப்படிச் செய்தது என்று வைத்துக்கொண்டால், ஆண்களின் ஈரலில் அதே அக்கறை இல்லாமற்போனது ஏன் என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை.

இரவில் வெளியே போய்வருவது கொழும்பின் சீரழிவு, எங்கள் பண்பாட்டில் இல்லாதது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூத்தை ஞாபகமூட்ட விரும்புகிறேன்.

எழுபதுகளில் நான் சிறுவனாக இருந்தபோது கூத்து ஆடும் இரவென்றால் ஊரில் ஒருவரும் வீட்டில் இருந்ததில்லை. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் வட்டக்களரி. அண்ணாவியாரின் மத்தளம். விடியும்வரை ஆட்டம். பாயை விரித்துப் பெண்கள் ஒருபுறம், ஆண்கள் மறுபுறம், எல்லாரின் மடியிலும் தூங்கி விழும் பிள்ளைகள். கடலைக்காரி, தேநீர்க் கொட்டில், களரிக்குப் பின்னால் வடலி ஓரத்தில் சாராயம் வைத்திருக்கும் பெரியவர்கள், எல்லாமே உண்டு. குடித்துவிட்டு வந்து களரியைக் குழப்பியவனை நாலுபேர் பிடித்துக்கொண்டுபோய் வீட்டில் விட்டதையும் கண்டிருக்கிறேன். காதல்கள் தொடங்கியதும் அந்த இரவுகளில்தான். வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் ஆவணித் திருவிழாவிலும் ஊர்கூடி இரவு விழித்திருந்தது.

அந்த இரவுக்கும் மொட்டைமாடி இரவுக்கும் வித்தியாசம் உண்டு. கூத்திரவுக்குக் காசு வேண்டியதில்லை. கிழவியும் குமரியும் குழந்தையும் ஒரே இடத்தில் இருந்தார்கள். யார் எவ்வளவு குடித்தான், யார் யாரைப் பார்த்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பார்த்த கண்கள் ஒறுத்த கண்களாக இருந்தாலும், அவை அங்கேயே இருந்தன. மொட்டைமாடிக்கு ஒரே வயதுக்காரர், ஒரே அளவு காசுள்ளவர் மட்டும் போகிறார்கள். அது குறைதான். ஆனால் கூத்திரவை இழந்தது அந்தப் பிள்ளைகளின் குற்றமல்ல. அவர்கள் பிறக்கும்போதே அது போய்விட்டது.

எப்படிப் போனது? எண்பதுகளின் நடுப்பகுதி தொடக்கம் எங்கள் மாவட்டத்தில் இரவு என்பது பயம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. பொழுதுபட்டால் ஆற்றுத்துறைகளில் பாதைகள் ஓடாது. ஊரடங்கு. சோதனைச்சாவடி. நாய் குரைத்தால் விளக்கை ஊதி அணைத்தோம். மத்தளச் சத்தம் கேட்டால் யார் வருவார்கள் என்று தெரியாத காலத்தில் எந்த அண்ணாவியார் களரி கட்டுவார்?

அந்த இரவின் உச்சம் 2006. அவ்வருடம் ஜனவரி 2ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகில், மாணவர்கள் சிலர் இருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். விடுமுறை. நண்பர்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் மீது முதலில் கைக்குண்டு வீசப்பட்டது. பிறகு சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஐந்து பேர். தாங்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. கிட்ட நின்று சுட்ட காயங்களைக் காட்டும் புகைப்படங்களை எடுத்து அக்கதையைப் பொய்யாக்கியவர் சுடர் ஒளிப் பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி காலை அவரும் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை தொடர்பில் பொலிஸ் விசேட அதிரடிப்படையைச் சேர்ந்தோர் உட்பட 13 பேர் 2013இல் கைதானார்கள். போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் அவர்கள் அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். நீதி கிடைக்கவில்லை.

அந்த ஐந்து பிள்ளைகளும் செய்தது என்ன? பொழுதுபட்ட பிறகு நண்பர்களோடு வெளியே இருந்தார்கள், அவ்வளவே. குடிக்கவில்லை, கூச்சலிடவில்லை. ஒரு தமிழ் இளைஞன் தன்னூர்க் கடற்கரையில் மாலை ஏழரை மணிக்கு இருப்பது மரண தண்டனைக்குரியதாக இருந்த காலம் அது. திருகோணமலையில் அதன்பின் எத்தனை தாய்மார் எத்தனை வருடங்களுக்குத் தம் பிள்ளைகளைப் பொழுதுபட்ட பிறகு படலைக்கு வெளியே விடவில்லை என்பதை நான் அறிவேன். அவ்வருடமே ஈச்சிலம்பற்றும் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் ஆளாகி வெறுமையானது. மக்கள் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடினார்கள். 2007 தொடக்கம் திரும்பி வந்தவர்கள் கூரையில்லாத வீடுகளைக் கண்டார்கள்.

இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிள்ளைகள் அந்த வருடங்களில் பிறந்தவர்கள், அல்லது கைக்குழந்தையாக முகாமுக்குத் தூக்கிச்செல்லப்பட்டவர்கள். அவர்களுக்கு இரவைப்பற்றிய எங்கள் பயம் இல்லை. இது அவர்களின் திமிர் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இத்தனை உயிர்களைக் கொடுத்தபின் நமக்கு மிஞ்சிய மிகச்சில நன்மைகளுள் இதுவும் ஒன்று: ஒரு தமிழ்ப் பிள்ளை ஒன்பது மணிக்கு வானத்தின் கீழே இருந்து சிரித்துவிட்டு உயிரோடு விடுதிக்குத் திரும்புகிறாள். அதைத் துப்பாக்கி பறித்த காலம் போய்விட்டது. இப்போது ஒழுக்கத்தின் பெயரால் நாமே பறிக்கப்போகிறோமா?

போர் முடிந்தபின் எங்களுக்குப் பலவும் கிடைத்தன. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மூதூர் வழியாக வெருகல்வரை, பாதைக்காகத் துறைதுறையாகக் காத்திருந்த வழியெங்கும் பாலங்கள் வந்தன. மின்சாரம் வந்தது. கைத்தொலைபேசி வந்தது. ஆனால் திரும்பக் கிடைத்த இரவை எதைக்கொண்டு நிரப்புவதென்று யாரும் யோசிக்கவில்லை. வாசிகசாலை பொழுதுபட முன்னர் பூட்டப்படுகிறது. விளையாட்டு மைதானத்தில் விளக்கில்லை. சனசமூக நிலையத்தில் உடைந்த கரம்பலகை. பட்டணத்துக்கு ஒரு நாடகம் பார்க்கப் போனால் திரும்பி வர பஸ் இல்லை. ஆறு மணிக்குப் பிறகு எங்கள் ஊரில் ஓர் இளைஞனுக்குத் திறந்திருப்பவை இரண்டே இடங்கள்: கோயில், கசிப்பு. கோயில் ஒன்பது மணிக்கு நடை சாத்திவிடும்.

இடம் கிடைத்தால் இளைஞர்கள் அதை எதைக்கொண்டு நிரப்புவார்கள் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று கண்முன்னே இருக்கிறது. 2022 ஏப்ரலில் காலிமுகத்திடலில் திரண்ட இளைஞர்கள் மாதக்கணக்கில் இரவுபகலாக அங்கே தங்கினார்கள். அரசியலை ஒருபுறம் வையுங்கள். அவர்கள் அங்கே என்னென்ன கொட்டில் போட்டார்கள் என்று பாருங்கள். நூலகம் போட்டார்கள். திரைப்படம் காட்டக் கூடாரம் போட்டார்கள். விரிவுரை நடத்தினார்கள், பாடினார்கள். யாரும் கட்டளையிட்டுச் செய்விக்கவில்லை. சும்மா இருக்க ஒரு வெளி கிடைத்ததும் அவர்களாகவே செய்தார்கள்.

அதற்கு முந்திய உதாரணமும் எங்கள் பக்கத்தாருடையதே. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்றவற்றுக்காக இரவிரவாக ஆடிப் பழகியவர்கள் மாணவர்கள். மட்டக்களப்பிலிருந்து போன சி. மௌனகுரு அவர்களில் ஒருவர். ஊரில் அண்ணாவியார்களின் கையிலிருந்த கலையை அவர்கள் தம் இரவுகளைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார், ஒரு மண்டபம் இருந்தது. மருமகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் அவை இரண்டும் இல்லை. விலைப்பட்டியல் மட்டும் இருக்கிறது.

ஆகவே ஊரிலுள்ள பெரியவர்களிடம் நான் வேண்டுவது பெரிய காரியமல்ல. பிரதேச சபை வாசிகசாலையை இரவு ஒன்பதுவரை திறந்துவைக்கலாம். ஒரு காவலாளியின் மேலதிக நேரக் கொடுப்பனவே அதற்கான செலவு. பாடசாலை மைதானத்துக்கு நான்கு விளக்குகள் போடலாம். வெளிநாட்டிலுள்ள எங்கள் பிள்ளைகள் கோயில் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். திருகோணமலையிலிருந்து வெருகலுக்கு வார இறுதியில் மட்டுமாவது இரவுப் பஸ் ஒன்றை ஓடவிடும்படி கேட்கலாம். இன்னும் உயிரோடிருக்கும் அண்ணாவியார்கள் சிலரைக் கொண்டு வருடத்தில் ஒரு கூத்தாவது களரியேற்றலாம். பெண்பிள்ளைகளும் அதில் ஆடட்டும். கசிப்புக் கொட்டில்கள் எங்கே இருக்கின்றன என்பதை ஊரறியும். அவற்றைப்பற்றி மதுவரித் திணைக்களத்துக்கு எழுதும் மனுவில் முதற் கையொப்பம் இடுவதற்கு, புகைப்படத்தைப் பார்த்துக் கொதித்தவர்கள் முன்வரட்டும்.

இவற்றில் ஒன்றையும் செய்யாமல் பிள்ளைகளைத் திட்டுவதற்கு நமக்கு என்ன உரிமை? மொட்டைமாடிக்குப் போகாதே என்று சொல்வதற்கு முன், வேறெங்கே போ என்று சொல்ல நம்மிடம் ஓர் இடம் இருக்கவேண்டும்.

கடைசியாக, அந்தப் பிள்ளையின் தகப்பனாருக்கு. அண்ணன், நீங்கள் இதைப் படிப்பீர்களோ தெரியாது, படித்தவர் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். 2006இல் நீங்கள் ஆற்றைக் கடந்து ஓடியபோது தோளில் ஒரு பையும் மனைவியின் வயிற்றில் ஒரு பிள்ளையும் இருந்ததாக ஒருமுறை என்னிடம் சொன்னீர்கள். அந்தப் பிள்ளைதான் இது. முகாமில் பிறந்து, தகரக் கொட்டில் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்து, எங்கள் கோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன மிகச்சிலருள் ஒருத்தியாக ஆனது. அவள் குடித்தது தோடம்பழச் சாறு. அன்றிரவு என்னோடு வந்தபோதும் அதையே குடித்தாள், பத்து மணிக்கு முன் விடுதிக்குப் போனாள். அது மதுவாகவே இருந்திருந்தாலும், ஒரு பெண்ணின் பட்டத்தை அதற்காகப் பறிப்பது நியாயமாகாது.

அடுத்த தவணை தொடங்கப்போகிறது. அவளை பஸ் ஏற்றிவிடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று பயப்படவேண்டாம். ஊருக்குச் சொல்லவேண்டியதை நான் இங்கே சொல்லிவிட்டேன்.